வண்டிக்குள் ஒரு வலை

ஜி.எஸ்.டி. சாலையில் சென்னையிலிருந்து தெற்கே வருகிறவர்கள் மறைமலை நகரைக் கடந்து, சிங்கப்பெருமாள் கோயிலில் வலப்புறம் திரும்பினால் ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூரை அடையலாம். இந்தச் சாலையோரம் அரைமணி நேரம் நின்றால் போதும். புதுக் கார்களை இரண்டு தட்டாக அடுக்கிக்கொண்டு செல்லும் நீண்ட டிரெய்லர் லாரிகளைப் பார்க்கலாம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இலும், ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010-இலும், டைம்லர் லாரித் தொழிற்சாலை 2012-இலும் உற்பத்தியைத் தொடங்கின. மறைமலை நகரில் இருந்த ஃபோர்டு ஆலை 2022-இல் கார் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது.

அப்படிப் போகும் லாரி ஒன்றில் எட்டுக் கார்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த லாரியில் எத்தனை கணிப்பொறிகள் போகின்றன? ஒன்றுமில்லை என்று சொல்லாதீர்கள். இன்றைய கார் ஒன்றில் சில பத்துக் கணிப்பொறிகள் இருக்கின்றன. விலையுயர்ந்த கார்களில் நூறு வரைகூட உண்டு. ஒரு காருக்கு முப்பது என்றாலே மொத்தம் 240 ஆகிறது. உங்கள் பள்ளிக் கணிப்பொறி அறையில் இருப்பவற்றைவிட இது அதிகமாகவே இருக்கும்.

இவற்றுக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. உள்ளங்கை அளவுள்ள அலுமினியப் பெட்டிக்குள் ஒரு நுண்செயலி, சிறிது நினைவகம், வெளியே வரும் கம்பிகள், அவ்வளவுதான். மெக்கானிக்குகள் இதை 'இ.சி.யு.' என்பார்கள். எஞ்சினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, காற்றுப் பைக்கு ஒன்று, கதவுப் பூட்டுக்கு ஒன்று, குளிர்சாதனத்துக்கு ஒன்று. இத்தனை பேரும் ஒருவரோடொருவர் ஓயாமல் பேசிக்கொள்ள வேண்டும். அந்தப் பேச்சு எப்படி நடக்கிறது, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வேலைகள் எவ்வாறு வரிசைப்படுத்தப்படுகின்றன என்று பார்த்தோமானால், கணிப்பொறி வலையமைப்பு, இயங்குதளம் ஆகிய இரண்டின் அடிப்படைச் சொற்களும் தாமாகவே விளங்கிவிடும்.

சொற்கள் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தனித்தமிழ் இயக்கத்தின் முன்னோடியான மறைமலையடிகளின் பெயரைத் தாங்கியது இவ்வூர். வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை என்று தமிழாக்கிக்கொண்டவர் அவர். ஆனால் இவ்வூர்ப் பட்டறையில் 'உணரியைக் கழற்று' என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 'சென்சாரைக் கழட்டு' என்றால் வேலை நடக்கும். நல்ல தமிழ்ச் சொல் உள்ள இடத்தில் அதையும், மற்ற இடத்தில் பட்டறைச் சொல்லையும் இக்கட்டுரையில் கையாள்கிறேன்.

எழுநூற்றெண்பது கம்பிகள்

முன்பு சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற கார் தயாராகி வந்தது. அந்தக் காரிலோ, அம்பாசடரிலோ மின்கம்பிகளின் கதை எளியது. ஹாரனை அழுத்தினால் சுற்று முழுமையாகி ஹாரன் ஒலிக்கும். ஒரு ஸ்விட்ச், ஒரு கம்பி, ஒரு வேலை. பள்ளியில் நீங்கள் படிக்கும் மின்சுற்றுதான் அது.

பிறகு வண்டிகளுக்குள் மின்னணுப் பெட்டிகள் புகுந்தன. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பது பிரேக் பெட்டிக்குத் தெரிய வேண்டும். அதே வேகம் எஞ்சின் பெட்டிக்கும் வேண்டும், வேகமானிக்கும் வேண்டும், குறிப்பிட்ட வேகம் வந்தவுடன் கதவைத் தானே பூட்டும் பெட்டிக்கும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு பெட்டியையும் மற்ற ஒவ்வொன்றோடும் நேராக இணைப்பதாகக் கொள்வோம். பெட்டிகள் n என்றால் கம்பிகள் n(n-1)/2. பத்துப் பெட்டிகளுக்கு 45. நாற்பது பெட்டிகளுக்கு 780! அத்தனை செம்பையும் சுமக்க வேண்டும், அத்தனை இணைப்புகளும் துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும்.

இதற்கு ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-இல் வழிதேடத் தொடங்கி, 1986-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்த வாகனப் பொறியாளர் மாநாட்டில் விடையை வெளியிட்டது. விடை இதுதான்: இரண்டே கம்பிகள். அவற்றை ஒன்றோடொன்று முறுக்கி வண்டி முழுவதும் ஓடவிடு. எல்லாப் பெட்டிகளும் அந்த ஒரே இணையில் தொங்கட்டும். எல்லாரும் அதிலேயே பேசட்டும், எல்லாரும் அதையே கேட்கட்டும். இப்படிப் பலருக்கும் பொதுவான தடத்துக்கு 'பஸ்' என்று பெயர். பாஷ் அமைத்த முறையின் பெயர் 'கான்'. தடத்தில் தொங்கும் ஒவ்வொரு பெட்டியும் ஒரு கணு. கணுக்கள் எப்படிப் பேச வேண்டும், யார் முதலில் பேச வேண்டும், தவறு நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்த விதிகளுக்கு நெறிமுறை என்று பெயர். 'புரோட்டோகால்' என்று நீங்கள் கேள்விப்படுவது இதைத்தான்.

ஏன் ஒரு கம்பி போதாது?

இயற்பியல் ஆசிரியனான எனக்கு இக்கதையில் மிகப் பிடித்த இடம் இது. பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கில் பொறி பறக்க ஆயிரக்கணக்கான வோல்ட் தேவைப்படுகிறது. ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி மின்னல். சுற்றியுள்ள கம்பிகளிலெல்லாம் அது வேண்டாத மின்னழுத்தத்தைத் தூண்டும். அந்தக் கூச்சலுக்கு நடுவே ஓரிரு வோல்ட் அளவிலான செய்தி பிழைத்து வர வேண்டும்.

இணையின் இரு கம்பிகளும் ஓய்வில் இருக்கும்போது இரண்டிலும் ஏறத்தாழ 2.5 வோல்ட் இருக்கும். இரண்டுக்கும் வேறுபாடு சுழி. இந்த நிலைக்கு '1' என்று பொருள். ஒரு கணு '0' என்று சொல்ல விரும்பினால் ஒரு கம்பியை 3.5 வோல்ட்டுக்கு உயர்த்தி, மற்றதை 1.5 வோல்ட்டுக்குத் தாழ்த்தும். வேறுபாடு 2 வோல்ட். இப்போது பக்கத்தில் ஒரு பொறி வெடித்து 0.7 வோல்ட்டைத் தூண்டுகிறது என்று கொள்வோம். கம்பிகள் முறுக்கப்பட்டிருப்பதால் இரண்டும் சமமாகப் பாதிக்கப்படும். 3.5 என்பது 4.2 ஆகும், 1.5 என்பது 2.2 ஆகும். கழித்துப் பாருங்கள்: அதே 2 வோல்ட்! கேட்கும் கணு தனிக் கம்பியின் மின்னழுத்தத்தைப் பார்ப்பதில்லை, வேறுபாட்டை மட்டுமே பார்க்கிறது. எனவே பொறியின் கூச்சல் அதன் காதில் விழுவதேயில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. கயிற்றின் ஒரு முனையைத் தூணில் கட்டி மறுமுனையை உதறினால் அலை தூணில் மோதித் திரும்புகிறதல்லவா? கம்பியில் செல்லும் மின்துடிப்பும் முனையில் மோதித் திரும்பும். திரும்பி வந்து அடுத்த செய்தியைக் குழப்பும். அதைத் தடுக்கத் தடத்தின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்றை இணைக்கிறார்கள். அந்த முறுக்கிய இணையின் இயல்பு மின்மறுப்பும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆதலால் துடிப்பு, முடிவில்லாத கம்பியில் போவதாக நினைத்து, மின்தடையில் வெப்பமாகி அடங்கிவிடும். இரு மின்தடைகளும் பக்க இணைப்பில் இருப்பதால் தடத்தின் மின்தடை எவ்வளவு? 60 ஓம். வண்டியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஓட்டுநர் இருக்கைப் பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள 16 முனைச் சோதனைச் செருகியில் 6-ஆம் முனைக்கும் 14-ஆம் முனைக்கும் இடையே மெக்கானிக் மல்டிமீட்டரை வைப்பது இந்த அறுபதைத் தேடித்தான். 120 காட்டினால் ஒரு முனையின் மின்தடை அற்றுப்போயிருக்கிறது. சுழி காட்டினால் இரு கம்பிகளும் எங்கோ உரசிக்கொண்டிருக்கின்றன. ஓம் விதி பட்டறையில் சோறு போடுகிறது.

இருவர் ஒரே நேரத்தில் பேசினால்?

ஒரே தடம், முப்பது பேர். இருவர் ஒரே கணத்தில் பேசத் தொடங்கினால் மோதல் நிகழும். எல்லா வலையமைப்புகளுக்கும் உள்ள பழைய தொல்லை இது. 1973-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃபும் அவருடைய தோழர்களும் உருவாக்கத் தொடங்கிய ஈதர்நெட்டில் இதற்கு ஒரு பண்பான தீர்வு இருந்தது: மோதியவர் இருவரும் வாயை மூடிக்கொண்டு, ஆளுக்கொரு தற்செயலான நேரம் காத்திருந்து, மறுபடி முயல வேண்டும். குறுகிய சந்தில் எதிரெதிரே வந்த இருவர், 'நீங்கள் போங்கள்' என்று ஒதுங்கிக்கொள்வதைப் போன்றது இது. (இன்றைய ஈதர்நெட்டில் ஒவ்வொரு கணிப்பொறியும் தனிக் கம்பியால் 'ஸ்விட்ச்' என்ற பெட்டியோடு இணைந்திருப்பதால் இந்த மோதல் நேருவதில்லை.)

அலுவலகத்துக்கு அது போதும். பிரேக்குக்குப் போதாது. 'தற்செயலான நேரம்' என்பது எவ்வளவு என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒவ்வொரு மில்லிவினாடிக்கும் ஏறத்தாழ 2.8 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது.

கான் முறையில் மோதல் நடக்கிறது. ஆனால் எதுவும் பாழாவதில்லை. எப்படி என்று பாருங்கள். ஒரு கணு '0' என்றும் இன்னொன்று '1' என்றும் ஒரே நேரத்தில் சொன்னால் தடத்தில் தெரிவது '0' தான். ஏனெனில் '1' என்பது சும்மா இருப்பது. '0' என்பது கம்பிகளை இழுத்துப் பிரிப்பது. இழுப்பவரே வெல்வார்.

ஒவ்வொரு செய்தியும் ஓர் எண்ணோடு தொடங்குகிறது. உண்மையில் அது 11 பிட் எண். இங்கே சுருக்கமாக 4 பிட் எனக் கொள்வோம். பிரேக் செய்திக்கு 0010, எஞ்சின் செய்திக்கு 0101, குளிர்சாதனச் செய்திக்கு 1100. மூன்று கணுக்களும் ஒரே கணத்தில் தொடங்குகின்றன. முதல் பிட்: 0, 0, 1. தடத்தில் 0 தெரிகிறது. குளிர்சாதனக் கணு, தான் 1 சொல்லியும் 0 கேட்பதை உணர்ந்து உடனே பேச்சை நிறுத்திக் கேட்பவராக மாறிவிடுகிறது. இரண்டாம் பிட்: 0, 1. இப்போது எஞ்சின் கணு ஒதுங்குகிறது. பிரேக் கணு தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறது. இடையில் ஒரு போட்டி நடந்து முடிந்ததே அதற்குத் தெரியாது! ஒரு பிட்கூட வீணாகவில்லை. சிறிய எண், முந்திய உரிமை. தோற்றவர்கள் இச்செய்தி முடிந்ததும் மீண்டும் முயல்வார்கள்.

நடுவர் யாரும் இல்லாமல், ஓம் விதியே நடுவராக இருந்து தீர்ப்புச் சொல்லும் இந்த ஏற்பாட்டைவிட அழகான ஒன்றைப் பொறியியலில் நான் அதிகம் பார்த்ததில்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. ஒரு பிட் முடிவதற்குள் தடத்தின் இரு கோடிகளிலும் உள்ள கணுக்கள் ஒரே மதிப்பைக் கேட்டாக வேண்டும். கம்பியில் மின்துடிப்பு ஒரு மீட்டர் போக ஏறத்தாழ 5 நானோவினாடி ஆகும். 40 மீட்டர் போய்த் திரும்ப 400 நானோவினாடி. வினாடிக்குப் பத்து லட்சம் பிட் என்ற வேகத்தில் ஒரு பிட்டின் ஆயுளே 1,000 நானோவினாடிதான். மீதியை மின்னணுச் சுற்றுகளின் தாமதம் விழுங்கிவிடும். ஆகவே அந்த வேகத்தில் தடம் 40 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. காருக்குள் 40 மீட்டர் தாராளம்.

விலாசம் இல்லாத கடிதம்

இணையத்தில் செல்லும் செய்தி சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் அனுப்புநர், பெறுநர் முகவரிகள் இருக்கும். வழியில் 'ரௌட்டர்' எனப்படும் வழிப்படுத்திகள் அஞ்சல் பிரிப்பாளரைப் போல முகவரியைப் பார்த்து அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும். இதற்கான நெறிமுறையை 1983 ஜனவரி 1 முதல் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பு ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில் 1986-இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கு பெற்றது.

கான் செய்தியில் முகவரி கிடையாது. செங்கல்பட்டு ரயில் நிலைய ஒலிபெருக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு யார் பெயருக்கும் வருவதில்லை. வண்டி எண்ணைச் சொல்கிறார்கள், அந்த வண்டிக்குப் போகிறவர் காது கொடுக்கிறார், மற்றவர் தேநீர் குடிக்கிறார். அதுபோலவே செய்தியின் எண் 'இது சக்கர வேகம்' என்று பொருளைக் குறிக்கிறதே தவிர, ஆளைக் குறிப்பதில்லை. வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். செய்தியின் உள்ளடக்கம் அதிகம் போனால் 8 பைட். அதாவது உங்கள் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதக்கூடப் போதாமல் போகலாம்.

இவ்வளவு குறுகிய செய்தி ஏன்? இங்கேதான் பலரும் குழம்பும் இரு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு மின்ரயில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோரைச் சுமந்து வருகிறது. ஆனால் அடுத்த வண்டிக்காக நடைமேடையில் காத்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் ஒருவரைத்தான் சுமக்கும், உதைத்தவுடன் கிளம்பிவிடும். ஒரு வினாடியில் எவ்வளவு தரவு போகலாம் என்பது அலைவரிசை அகலம். ஒரு செய்தி புறப்பட்டதிலிருந்து போய்ச் சேர ஆகும் நேரம் தாமதம். திரைப்படம் பார்க்க முதலாவது வேண்டும். பிரேக்குக்கு இரண்டாவதுதான் உயிர். கார்களில் பரவலாக உள்ள கான் தடத்தின் வேகம் வினாடிக்கு 5 லட்சம் பிட்தான். வீட்டு இணைய இணைப்புகூட இதைவிட நூறு மடங்கு வேகமாக இருக்கலாம். ஆயினும் 8 பைட் உள்ள செய்தி, தலைப்பும் பிழைச்சோதனையும் சேர்த்து ஏறத்தாழ 110 முதல் 135 பிட். ஒரு பிட்டுக்கு 2 மைக்ரோவினாடி வீதம் கால் மில்லிவினாடியில் முடிந்துவிடும். அதற்குள் நம் கார் 7 மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். பிரேக் செய்தி தயாரானபோது வேறொருவர் பேசிக்கொண்டிருந்தாலும், காத்திருப்பது இன்னொரு கால் மில்லிவினாடிதான்.

ஒரு கணு பழுதாகி உளறத் தொடங்கினால்? அதற்கும் விதி வகுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கணுவும் தன் தவறுகளுக்குத் தானே கணக்கு வைத்துக்கொள்ளும். அனுப்பியதில் பிழை நேர்ந்தால் கணக்கில் 8 ஏறும். சரியாக அனுப்பினால் 1 குறையும். கணக்கு 255-ஐத் தாண்டினால் அந்தக் கணு தடத்திலிருந்து தானே விலகிக்கொள்ளும். தொடர்ந்து 32 முறை தவறினால் வாய்ப்பூட்டு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் ஒரு நீர்க்கட்டி

இனி ஒரு பெட்டியின் உள்ளே போவோம். பிரேக் பெட்டியையே எடுத்துக்கொள்ளலாம். ஒரகடத்தில் தயாராகும் மோட்டார் சைக்கிள்களிலும் இதன் சிறிய வடிவம் உண்டு. 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்பனையாகும் 125 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். சக்கரத்தோடு சுற்றும் பல்வளையத்தின் பற்களை ஒரு சென்சார் எண்ணுகிறது. பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் திடீரென்று நின்று வழுக்கப் போகிறது என்று தெரிந்தால், பெட்டி பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைச் சற்றே தளர்த்தி மறுபடி இறுக்குகிறது. நொடிக்குப் பல முறை. மழையில் பிரேக் போட்டபோது நெம்புகோல் விரலுக்கடியில் துடிப்பதை உணர்ந்த அண்ணன்மார்களைக் கேட்டுப் பாருங்கள்.

இந்தப் பெட்டியின் செயலி ஒன்றே; வேலைகள் பல. பல் எண்ணுவது, கணக்கிடுவது, வால்வை இயக்குவது, தடத்தில் செய்தி அனுப்புவது, தன் உடல்நிலையைத் தானே சோதிப்பது. இவ்வாறு ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் 'பணி' என்று பெயர். ஒரு கணத்தில் செயலி ஒரு பணியைத்தான் செய்ய முடியும். யாருக்கு எப்போது செயலி கிடைக்கும் என்று தீர்மானிப்பது இயங்குதளம். அதிலும் நடுவில் அமர்ந்து செயலியையும் நினைவகத்தையும் பங்கிட்டுத் தரும் பகுதியே 'கெர்னல்' எனப்படும் உட்கரு.

செங்கல்பட்டு ஏரிகள் நிறைந்த மாவட்டம். கிராமத்து மாணவர்களுக்கு நீர்க்கட்டியைத் தெரிந்திருக்கும். ஏரியின் மதகு ஒன்று, வயல்கள் பல. முறை வைத்துத் தண்ணீர் திருப்பிவிடுவது அவர் வேலை. மேசைக் கணிப்பொறியின் இயங்குதளம் நியாயவாதியான நீர்க்கட்டி. எல்லா வயலுக்கும் கொஞ்சம் கொஞ்சம், மாற்றி மாற்றி. அது இவ்வளவு வேகமாக மாற்றுவதால், பாட்டும் ஓடுகிறது, கட்டுரையும் தட்டச்சாகிறது என்று நமக்குத் தோன்றுகிறது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸும், அதன் மேல் எழுந்த ஆண்ட்ராய்டும் இவ்வகையே. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளமும் லினக்ஸ் அடிப்படையிலானதே.

ஆனால் பிரேக் பெட்டியில் நியாயம் பார்த்தால் ஆபத்து. அங்கே இருப்பது நிகழ்நேர இயங்குதளம். ஒவ்வொரு பணிக்கும் ஒரு முன்னுரிமை உண்டு. முன்னுரிமை மிக்க பணி எழுந்துவிட்டால் மற்றது செய்துகொண்டிருந்ததைப் பாதியில் விட்டு ஒதுங்க வேண்டும். அவசரச் செய்தி கொண்டுவரும் மின்குறி செயலியின் தோளைத் தட்டுவதற்குக் 'குறுக்கீடு' என்று பெயர். 'நிகழ்நேரம்' என்றால் 'மிக வேகம்' என்று பலர் நினைக்கிறார்கள்; அது தவறு. குறித்த கெடுவுக்குள் முடியும் என்று உறுதி தருவதே நிகழ்நேரம். விபத்தின்போது காற்றுப் பை விரிய வேண்டுமா என்ற முடிவை ஏறத்தாழ 20, 30 மில்லிவினாடிக்குள் எடுத்தாக வேண்டும். சராசரியாக 5 மில்லிவினாடி, எப்போதாவது 200 என்று வேலை செய்யும் கணிப்பொறி அங்கே உதவாது. எப்போதும் 15 என்பதே மேல்.

பணிகள் பொதுவான ஒன்றைப் பயன்படுத்தும்போது வேறொரு சிக்கல் எழும். நினைவகத்தில் ஓரிடத்தில் சக்கர வேகம் எழுதப்படுகிறது. ஒரு பணி பாதி எழுதியிருக்கும்போதே இன்னொன்று அதைப் படித்தால் பாதி புதியதும் பாதி பழையதுமாக ஓர் அபத்த எண் கிடைக்கும். ரயில்வேக்கு இது பழக்கமான தொல்லை. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் எதிரெதிர் வண்டிகள் புகாதிருக்க முன்பு 'டோக்கன்' கொடுப்பார்கள்; டோக்கன் கையில் இல்லாத ஓட்டுநர் அப்பாதையில் நுழையக் கூடாது. கணிப்பொறியிலும் அதேதான். 1960-களின் தொடக்கத்தில் டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா இந்த உத்தியை வகுத்தபோது அதற்கு ரயில்வேப் பெயரையே வைத்தார்: செமஃபோர். நம் ஊரில் அதன் பெயர் கைகாட்டி. ஒரு பணி ஒரு டோக்கனை வைத்துக்கொண்டு மற்றதற்குக் காத்திருக்க, அதை வைத்திருக்கும் பணி முதலாவதற்குக் காத்திருந்தால் இருவருமே நகர முடியாது. அந்நிலைக்கு முட்டுக்கட்டை என்று பெயர்.

செவ்வாயில் ஒரு டோக்கன்

முன்னுரிமையும் டோக்கனும் சேர்ந்தால் விபரீதமும் விளையலாம். 1997 ஜூலை 4 அன்று பாத்ஃபைண்டர் என்ற அமெரிக்க விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணிப்பொறி அடிக்கடி தானே நின்று மறுதொடக்கம் ஆகத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் அன்றைய வேலை தடைப்பட்டது. காரணம் இது: கலத்தின் தகவல் தடத்தைக் கவனிக்கும் பணிக்கு உயர்ந்த முன்னுரிமை. வானிலைத் தரவு சேர்க்கும் பணிக்குத் தாழ்ந்த முன்னுரிமை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு டோக்கன். வானிலைப் பணி டோக்கனை எடுத்திருக்கும் வேளையில், நடுத்தர முன்னுரிமை கொண்ட தகவல்தொடர்புப் பணி எழுந்து வானிலைப் பணியை நிறுத்திவிட்டுத் தன் நீண்ட வேலையைச் செய்யும். வானிலைப் பணியால் டோக்கனைத் திருப்பித் தர முடியாது. உயர்ந்த பணியோ டோக்கனுக்காகக் காத்துக் கிடக்கும். டோக்கனே வேண்டாத நடுவாள், எல்லாரிலும் உயர்ந்தவரைக் காக்க வைத்துவிட்டார்! உயர்ந்த பணி கெடுவுக்குள் முடியாததைக் கண்ட காவல் ஏற்பாடு, ஏதோ பெரும் கோளாறு என்று கருதிக் கணிப்பொறியை மறுதொடக்கம் செய்தது.

இதற்கு 'முன்னுரிமைத் தலைகீழாக்கம்' என்று பெயர். மருந்து ஏற்கெனவே இருந்தது. 1990-இல் லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி ஆகிய மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் அதை விரிவாக வகுத்திருந்தனர். இவர்களில் ராஜ்குமார் 1984-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர். மருந்து எளியது: டோக்கன் வைத்திருக்கும் சிறியவர், அதற்காகப் பெரியவர் காத்திருக்கும் வரை, பெரியவரின் முன்னுரிமையையே கடனாகப் பெறட்டும். அப்போது நடுவாளால் அவரை நிறுத்த முடியாது. வேலையை முடித்து டோக்கனைக் கொடுத்துவிடுவார். பாத்ஃபைண்டரின் இயங்குதளத்திலேயே இந்த வசதி இருந்தது. அந்த டோக்கனுக்கு மட்டும் அது இயக்கப்படாமல் விடப்பட்டிருந்தது. பொறியாளர்கள் பூமியிலிருந்தே ஆணை அனுப்பி அதை இயக்கினார்கள். ரேடியோ அலை அங்கே போய்ச் சேரவே பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும் தொலைவில் கலம் இருந்தது.

ராஜ்குமார் பின்னர் ஓட்டுநரில்லாத கார் ஆராய்ச்சியில் இறங்கினார். 2007-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பு நடத்திய நகரச் சாலைப் போட்டியில் முதல் பரிசு பெற்ற கார்னகி மெலன் குழுவில் அவரும் ஒருவர்.

கதவு திறந்திருந்தது

1986-இல் கான் முறையை வகுத்தவர்கள் ஒன்றை இயல்பாகவே எடுத்துக்கொண்டார்கள்: தடத்தில் தொங்குபவர்கள் எல்லாரும் நம் வீட்டார். அந்நியர் உள்ளே வர வேண்டுமானால் வண்டியைத் திறந்து கம்பியைத் தொட வேண்டும். எனவே செய்தியில் அனுப்புநர் பெயர் இல்லை, கையெழுத்தும் இல்லை. 'நான் பிரேக்' என்று சொல்வது உண்மையில் பிரேக்தானா என்று எந்தக் கணுவும் கேட்பதில்லை.

பிறகு வண்டிகளில் தொலைபேசி இணைப்பும், பாட்டுக் கேட்கும் தொடுதிரையும் வந்தன. அதே வண்டியில் இப்போது இரண்டு உலகங்கள்: ஒரு பக்கம் முகவரியும் பொட்டலமுமாக உலகம் முழுவதோடும் பேசும் இணையம், மறுபக்கம் யாரையும் சந்தேகிக்காத கான் தடம். 2015-இல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோக்கியை வெகு தொலைவில் வீட்டில் அமர்ந்தபடியே கட்டுப்படுத்திக் காட்டினார்கள். உள்ளே ஓட்டிக்கொண்டிருந்த பத்திரிகையாளர் இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொண்டவர்தான். தொலைபேசி இணைப்பு வழியாகத் தொடுதிரைக் கணிப்பொறிக்குள் புகுந்து, அங்கிருந்து கான் தடத்துக்குச் செய்தி அனுப்பும் வழியை அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். அந்நிறுவனம் அமெரிக்காவில் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து மென்பொருளைத் திருத்த வேண்டியதாயிற்று.

இப்போது பொறியாளர்கள் இரு வகையில் பூட்டுப் போடுகிறார்கள். ஒன்று, தடத்தையே பிரித்துவிடுவது. எஞ்சினும் பிரேக்கும் ஒரு தடத்தில், பாட்டும் திரையும் வேறு தடத்தில். நடுவில் 'கேட்வே' என்ற நுழைவாயில் பெட்டி. அது ஒரு பக்கத்துச் செய்தியை மறுபக்கம் கடத்தும்; ஆனால் அனுமதிப் பட்டியலில் உள்ளதை மட்டும். சக்கர வேகம் திரைக்குப் போகலாம். திரையிலிருந்து பிரேக்குக்கு எதுவும் வரக்கூடாது. இப்படிப் பட்டியல் பார்த்து விடும் காவலுக்குத் 'தீச்சுவர்' என்று வலையமைப்புத் துறையில் பெயர்.

மற்றொன்று, செய்தியில் கையெழுத்துச் சேர்ப்பது. இரகசிய எண் ஒன்றைக் கொண்டு கணக்கிட்ட சில பைட்டுகளை ஒவ்வொரு செய்தியின் வாலிலும் ஒட்டினால், அந்த இரகசியம் தெரியாத அந்நியரால் போலி செய்ய முடியாது. ஆனால் இருப்பதே 8 பைட். அதில் கையெழுத்துக்கே பாதி போய்விட்டால் சொல்ல வந்ததை எங்கே எழுதுவது? 2012-இல் பாஷ் வெளியிட்ட புதிய கான் முறையில் ஒரு செய்தியில் 64 பைட் வரை அனுப்பலாம். தடத்தில் இப்போது கையெழுத்துக்கும் இடம் கிடைத்துவிட்டது. போட்டி நடக்கும் விதமோ அன்று போலவே இருக்கிறது: சிறிய எண் முதலில்.